தங்கவயலும் ‘தம் இறை’யும்: வீரக்கதை வில்லன் வடிவமைப்பு குறித்து ஒரு மறுப்பு

முன்னுரை

தமிழ் முதுகலை மாணவர் சிலர் கடந்த கல்வியாண்டில் ஒரு விளையாட்டுக்கெனக் கதையொன்று புனைந்தனர். ஒருவர் ஆட்ட நடத்துநராக அமர, ஏனையோர் ஆளுக்கொரு வீரரின் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் பல நாள் கதையை வளர்த்துச் செல்லும் மேசை விளையாட்டு அது. மேலைநாட்டு வீரக்கற்பனைப் புதினங்களின் வழிப் பிறந்த அவ்விளையாட்டுக்கு அவர்கள் தேர்ந்த களம் கோலார் தங்கவயல். வில்லன்களை வடிவமைக்க உதவுமாறு இக்கட்டுரையாளரை அணுகியபோது அவர்தம் ஏட்டில் மூவர் இடம்பெற்றிருந்தனர். நிலத்தடியில் பொன்னைக் காத்துக் கிடக்கும் நாகப்பேய் ஒன்று. அடிமைகளைச் சவுக்கால் அடித்து மகிழும் கொடுங்கோலன் ஒருவன். வீரர்களோடு நட்புப் பூண்டு பின்னர்ப் பொன்னைத் திருடிக்கொண்டு ஓடும் கூலியாள் ஒருவன். ‘தொழிலாளர்’ என்னும் தலைப்பின்கீழ் ஓர் எண் மட்டுமே இருந்தது. பெயர் ஒன்றுகூட இல்லை.

அக்குழுவில் ஆண்டர்சன்பேட்டையைச் சேர்ந்த மாணவி ஒருவரும் இருந்தார். அவருடைய பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணியாற்றியவர். “இந்த மூவரில் எங்கள் தாத்தாவின் நெஞ்சில் தூசியை நிறைத்தவர் யார், ஐயா?” என்று அவர் வினவினார். எவராலும் விடை கூற இயலவில்லை.

வில்லனை வடிவமைத்தல் என்பது ஒரு கதையில் குற்றம் எங்கே இருக்கிறது என்று தீர்ப்பளித்தல் ஆகும். தங்கவயலைக் களமாகக் கொண்ட வீரக்கதைகள் குற்றத்தைத் தவறான இடத்தில் வைக்கின்றன. தமிழ்த்துறைகள் அதனைக் கேள்வியின்றி ஏற்கின்றன. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

வில்லன் என்னும் சொல் நமக்குப் புதிது. வில்லனால் விளையும் மெய்ப்பாடு புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினைக் கூறுகிறது. மாணவர் ஏட்டில் இருந்த மூவரையும் இவ்வகைப்பாட்டோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். நாகப்பேய் அணங்கு, சவுக்கேந்திய கொடுங்கோலன் மனித உருவிலுள்ள விலங்கு, கூலியாள் கள்வன். நான்காவதாகிய ‘தம் இறை’ அங்கு இல்லை.

இறை என்னும் சொல் ஆள்வோனைக் குறிக்கும். ஆள்வோன் கொள்ளும் வரியையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் உறைவது தங்கவயல் வரலாற்றை நோக்குவார்க்குப் பெரிதும் பயன்படும். அங்குச் சுரங்கம் தோண்டும் உரிமையை வழங்கியது மைசூர் அரசு. அவ்வரசுக்கு விளைபொன்னில் ராயல்டி என்னும் பங்கு உண்டு. பிற மூன்று அச்சங்களும் வெளியிலிருந்து வருவன. ‘தம் இறை’ மட்டுமே நமக்கு மேலே, நமக்கு உரியதாக, சட்டத்தின் பெயரால் நின்று அச்சுறுத்துவது. வீரக்கதைகள் முதல் மூன்றினையும் விரும்பி ஏற்று நான்காவதனை விட்டுவிடுவதைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது.

அணங்கும் விலங்கும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டு 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1979-இல் வெளியான அதன் நடத்துநர் கையேடு, இராபர்ட் ஹோவர்ட், டோல்கீன், மைக்கேல் மூர்காக் முதலிய புதின ஆசிரியர்களைத் தன் ஊற்றுக்கண்களாகப் பட்டியலிட்டது. இவ்விளையாட்டின் அடிப்படை அமைப்பு எளியது. நிலத்தின் கீழே இருண்ட அறைகள் உள்ளன. அங்குச் செல்வம் உண்டு. அதனைக் காக்கும் கொடிய உயிர்கள் உண்டு. வீரர் இறங்கிச் சென்று அவற்றைக் கொன்று செல்வத்தைக் கொண்டு வருவர். இதனைத் தங்கவயலின்மேல் வைத்துப் பார்த்தால் நிகழ்வது என்ன? நிலத்தடியில் இருப்போர் கொல்லத்தக்கவர் ஆகின்றனர். மேலிருந்து வந்து பொன்னைக் கொண்டு செல்வோர் வீரர் ஆகின்றனர். சுரங்க நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளக்கூடிய கதையும் இதுவேயன்றோ?

பிறப்பாலேயே தீயதாகிய ஓர் இனத்தைப் படைப்பது பற்றி மேலைநாட்டாரே ஐயுற்றுள்ளனர். தாம் படைத்த ஆர்க்குகள் மீட்சிக்கே இடமில்லாத தீயோரா என்னும் வினா டோல்கீனை அவருடைய கடிதங்களில் உறுத்தியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிடும் நிறுவனமும், சில இனங்களை முற்றிலும் தீயனவாகச் சித்திரித்தது பிழை என்பதை 2020-இல் ஒப்புக்கொண்டு மாற்றங்களை அறிவித்தது. அசுரர் என்றும் அரக்கர் என்றும் முழு மக்கட்கூட்டங்களைத் தீயோராக்கிய கதைகளோடு நூற்றாண்டுகளாக வாழும் நாம், அவ்வையத்தை அவர்களிடமிருந்து கற்க வேண்டிய நிலையில் இல்லை.

இனி விலங்கு. 2018-இல் வெளியான ‘கே.ஜி.எஃப்’ கன்னடத் திரைப்படமும் 2022-இல் வெளியான அதன் இரண்டாம் பாகமும் தமிழ் மொழிமாற்றத்திலும் பெருவெற்றி கண்டன. முதற்பாகத்தின் வில்லன் கருடன். இரண்டாம் பாகத்தின் வில்லன் அதீரா. வைக்கிங் போர்வீரரின் கொடுமைகளை அடியொற்றி அதீரா படைக்கப்பட்டான் என்பதை அப்படத்தின் விளம்பரச் சுவரொட்டியே அறிவித்தது. சயனைடு கழிவுமண் மேடுகளின்மேல் எழுந்த அரங்கில், அம்மேடுகளை உண்டாக்கிய எவருக்கும் தொடர்பில்லாத வடகடல் வீரன் ஒருவன் வந்து நின்றான். மேலும், திரைக்கதையில் பொன் கண்டறியப்படும் ஆண்டு 1951. உண்மையில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலில் கால்வைத்தது 1880-இல். மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது 1956-இல். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் கால நிறுவன ஆட்சி, கதையில் ஒரே ஓர் ஆண்டு எண்ணை மாற்றியதால் இல்லாமற் போயிற்று. விலங்கு உள்ளே வர, இறை வெளியேறியது.

கள்வன்: நிறுவனம் வடிவமைத்த வில்லன்

மாணவர் ஏட்டின் மூன்றாம் வில்லனே இக்கட்டுரையாளரைப் பெரிதும் வருத்தியவன். திருட்டுக் கூலியாள் என்னும் அப்பாத்திரத்தை மாணவர் படைக்கவில்லை. நூறாண்டுகளுக்கு முன்னரே அது படைக்கப்பட்டுவிட்டது. தங்கவயல் தொழிலாளருள் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்றவர். அவருள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. வறட்சியிலிருந்தும் பண்ணையடிமை முறையிலிருந்தும் விலகி வந்த அம்மக்களை, நிறுவனம் தன் பதிவுகளில் ஐயத்துக்குரியோராகவே எழுதிவைத்தது. பொன்கலந்த தாது ஒருவரிடம் இருப்பதே குற்றமாகக் கருதப்படும் வகையில் சுரங்கச் சட்டங்கள் அமைந்தன. சுரங்கத்திலிருந்து மேலேறும் ஒவ்வோர் உடலும் சோதனைக்கு உட்பட்டது. தங்கவயலில் குற்றமும் தண்டனையும் எவ்வாறு உழைப்பை அடக்கும் கருவிகளாயின என்பதை வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியுள்ளார்.

இதன் உச்சம் 1930. தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் திட்டம் அவ்வாண்டில் வந்தது. கைரேகை குற்றவாளிக்கு உரியது என்பதை அம்மக்கள் அறிவர். நிலைத்த தொழிற்சங்கம் எதுவும் அமையாத அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தனர். திட்டம் திரும்பப் பெறப்பட்டது. தாம் கள்வர் அல்லர் என்பதை உலகுக்கு உணர்த்த ஒரு தலைமுறை பட்டினி கிடந்து வென்றது. அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில், அதே கள்வனை விளையாட்டுப் பாத்திரமாக நாம் மீண்டும் படைப்பது எத்துணை அறியாமை!

தம் இறை

அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். நெஞ்சில் தூசியை நிறைத்தவர் யார்?

பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலில் தங்கிச் சிறிது சிறிதாக மூச்சை அடைக்கும். சிலிகோசிஸ் என்னும் இந்நோய் எவர் கையிலும் சவுக்காகத் தெரிவதில்லை. தங்கவயலில் 1880 தொடங்கி உழைப்பு நடைபெற, அந்நோய் அங்கு விரிவான மருத்துவ ஆய்வுக்கு உள்ளானது 1940-களில்தான். இவ்விரு காலங்களுக்கும் இடையே மாண்டவரைக் கொன்றவன் யார்? துளைப்பொறியை இயக்க ஆணையிட்ட மேற்பார்வையாளரா? லண்டனில் ஆதாயப் பங்கு பெற்றவரா? ராயல்டி பெற்ற அரசா? ஒருவரைச் சுட்டினால் அவர் அடுத்தவரைச் சுட்டுவார். ‘தம் இறை’யின் இயல்பு இதுவே; அது ஓர் ஆள் அன்று, ஆட்களின் வரிசை.

அறிவின்மையால் இது நிகழ்ந்தது என்றும் கூற இயலாது. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்து 1902-இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொணர்ந்த திறன் அவர்களிடம் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே செலுத்திய பொறியறிவும் இருந்தது. அத்தகைய அறிவு, தொழிலாளர் மூச்சுக்கு உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 1946-இல் தொழிலாளர் கிளர்ந்தபோது காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் அறுவர் மாண்டனர். நாட்டுடைமையான பின்னரும் வரிசை முடியவில்லை. 1962-இல் நடுவண் அரசின் பொறுப்பிலும் 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழும் வந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் பொன் வெளியேறிய நகரில் எஞ்சியவை கழிவுமண் மேடுகளும், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் மக்களும். இவ்வளவும் கதைக்குள் வர வேண்டுமாயின் கருடனும் அதீராவும் போதார்.

மூன்று எதிர்வாதங்கள்

இக்கருத்தினைத் துறை நண்பர்களிடம் கூறியபோது எழுந்த வாதங்கள் மூன்று.

முதல் வாதம், கற்பனைக் கதையில் வரலாற்றைத் தேடலாகாது என்பது. தேடலாகாது எனில் களத்தின் பெயரும் வேண்டாம். உண்மையான ஊரின் பெயரையும், அவ்வூரின் கழிவுமண் மேட்டையும், அவ்வூராரின் துயரத்தால் விளையும் அவலச்சுவையையும் பெற்றுக்கொண்டு, பொறுப்பை மட்டும் கற்பனை என்று தள்ளுவது முறையன்று.

இரண்டாம் வாதம், தலைகீழாக்கம் போதும் என்பது. தீயோனாகக் காட்டப்பட்டவனைத் தலைவனாக்கும் மரபு நம்மிடம் வலிமையானது. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934-இல் மேடையேறியது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல் தடைநீங்கியது. இவற்றின் வரலாற்றுத் தேவையை எவரும் மறுக்க இயலாது. 2024-இல் வெளியான பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ திரைப்படத்தில், சூனியக்காரி என்று முதலில் அஞ்சப்படும் ஆரத்தி நிலத்தின் காவலராக வெளிப்படுவதும் இம்மரபின் தொடர்ச்சியே. அணங்கினை மீட்ட வகையில் அது போற்றத்தக்கது. ஆயினும் தலைகீழாக்கம் ஆட்களை இடம் மாற்றுகிறதே ஒழிய, தீமை ஓர் ஆளின் உருவில்தான் இருக்கும் என்னும் அச்சினை உடைப்பதில்லை.

அவ்வச்சினை உடைத்த ஒருவரைத் தங்கவயலே போற்றிக் காத்தது. அவர் அயோத்திதாச பண்டிதர். புராணங்கள் தாழ்த்திய மக்களின் வரலாற்றை மீட்டெழுதிய அவர், தீமை இழைத்தோரை ‘வேஷப் பிராமணர்’ என்று அழைத்தார். தீமை இங்குப் பிறப்பில் இல்லை. பிறர் உழைப்பையும் மதிப்பையும் கவர்வதற்காகப் புனைந்துகொண்ட வேடத்தில் இருக்கிறது. வேடமாயின் அதனைக் கேள்விக்கு உட்படுத்தலாம், களையலாம். அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழ், அவர் 1914-இல் மறைந்த பின்னர், 1926 முதல் ‘தமிழன்’ என்னும் பெயரில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. அவர்தம் எழுத்துகளை நூல்களாக்கியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. திரைப்படம் ஊமை அடிமைகளைக் காட்டிய அதே நிலத்தில், உழைக்கும் மக்கள் இதழ் நடத்தி, வில்லன் என்பான் யார் என்னும் வினாவைச் சாதி வரலாற்றின் வினாவாக மாற்றிக்கொண்டிருந்தனர். இதனைப் பாடத்திட்டத்தில் வைத்திருந்தும் நம் மாணவர் ஏட்டில் அது இடம்பெறவில்லையெனில், குறை மாணவருடையதன்று.

மூன்றாம் வாதமே வலிமையானது. விளையாட்டுக்கும் கதைக்கும் முகம் வேண்டும். வீரன் வாளோங்க ஓர் உருவம் வேண்டும். நிறுவனத்தை எவ்வாறு வெட்டுவது என்பது அது. முகம் வேண்டும் என்பதை இக்கட்டுரையாளரும் ஏற்கிறார். எத்தகைய முகம் என்பதே வினா.

கட்டியக்காரன் கேள்வி

தங்கவயலுக்குப் பெருந்திரளான மக்களை அனுப்பிய வடார்க்காட்டின் கலை தெருக்கூத்து. அங்கே துரியோதனன் நேரே வந்து உறுமுவதில்லை. திரைக்குப் பின்னின்று தன் பெருமையைத் தானே பாடி வெளிப்படுகிறான். வெளிப்பட்டவுடன் கட்டியக்காரன் அவனை மறித்து, நீ யார், எந்த நாடு, எதற்காக வந்தாய் என்று கேலியும் கிண்டலுமாக வினவுகிறான். எத்துணைப் பெரிய மன்னனாயினும் விடை கூறியே ஆகவேண்டும். அவன் மண்ணுருவாகக் களத்தில் கிடந்து மாளும் படுகளத்தின்போது கூடியிருப்போர் அவனுக்காகவும் வருந்துவர். இம்மரபில் வில்லன் என்பவன் கேள்விக்கு உட்படுபவன். கருடனை எவரும் கேள்வி கேட்பதில்லை. அஞ்சுவர், அல்லது கொல்வர். இரண்டுக்கும் விடை தேவையில்லை.

ஆகவே வில்லன் வடிவமைப்புக்கு இக்கட்டுரையாளர் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே: கட்டியக்காரன் கேள்விக்கு அவன் விடை கூறவேண்டும். உன்னை இங்கு அமர்த்தியவர் யார்? உன் சம்பளம் எங்கிருந்து வருகிறது? நீ இறந்தால் உன் இடத்துக்கு வருபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை இல்லாத பாத்திரம் அச்சம் தரலாம், அறிவு தராது.

மாணவர் இவ்வளவுகோலைக் கொண்டு தம் ஏட்டைத் திருத்தினர். நாகப்பேய் நீங்கியது. சவுக்கேந்திய கொடுங்கோலனுக்குப் பதிலாக நால்வர் வந்தனர். முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் ஒப்பந்தக்காரர். ஆழம் தோண்டினால் பதவி உயர்வு பெறும் மேற்பார்வையாளர். இருமலைக் காசநோய் என்று எழுதிக் கையொப்பமிடும் மருத்துவர். ஒருநாளும் நேரில் தோன்றாமல் கடிதமாக மட்டும் வரும் பங்குதாரர். இவர்களுள் எவரும் பேய் அல்லர். ஒப்பந்தக்காரருக்கும் கடன் உண்டு. மருத்துவருக்கும் உறக்கமின்மை உண்டு. வீரர் ஒருவரை வீழ்த்தினால் அடுத்த வாரமே அவ்விடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்படுவார் என்பது ஆட்ட விதி. அவ்விதியால் வாள் பயனற்றுப் போகிறது. 1930-இல் நிகழ்ந்ததுபோல, லைன்வீடுகளில் வாழும் மக்கள் அனைவரையும் ஒருநாள் சுரங்கத்தில் இறங்காதிருக்கச் செய்தாலன்றி ஆட்டத்தில் வெற்றி இல்லை. அதற்கு ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு ஓர் எண்ணாக இருந்த பக்கம் பெயர்களால் நிரம்பியது. கள்வன் என்று முதலில் எழுதப்பட்டவன், கள்வன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவன் ஆனான். அப்பாத்திரத்தை அந்த மாணவியே கேட்டுப் பெற்று ஆடினார்.

நிறைவுரை

காப்பிய இலக்கணம் பேசுங்கால் ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பதை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அத்தலைவனுக்கு ஈடுகொடுக்கும் எதிர்நிலைத் தலைவனின் வீரத்தை அளந்து ஆய்வேடுகள் எழுதச் செய்கிறோம். வில்லன் எவ்வளவு வலியன் என்று கேட்கும் நாம், அவன் யாரை மறைத்து நிற்கிறான் என்று கேட்பதில்லை. தங்கவயல் நமக்கு உணர்த்துவது இதுவே: நன்கு வரையப்பட்ட கொடியோன் ஒருவன் முன்னே நின்றால், அவனுக்குப் பின்னே ஒரு நிறுவனமும் ஒரு சட்டமும் ஓர் அரசும் எளிதில் மறைந்துகொள்ளலாம்.

கற்பனையைத் தடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. மாணவர் பேய்களையும் படைக்கட்டும், வேற்றுலகங்களையும் படைக்கட்டும். ஆனால் மாந்தர் மூச்சடைத்து இறந்த மண்ணைக் களமாகக் கொள்ளுங்கால், அணங்கும் விலங்கும் கள்வரும் வந்து நின்ற பின்னர், நான்காவது எங்கே என்று தமிழ் கற்பிப்போர் கேட்டே ஆகவேண்டும். அவ்வினாவைத் தொல்காப்பியம் நமக்குத் தந்து நெடுங்காலம் ஆயிற்று. அதனை வகுப்பறையில் எழுப்பியவர் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவி.